பூட்டிக் கிடந்த வீட்டு வண்டி கிளம்பவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ செட்டிநாட்டில் இருக்கும் நம் ஊருக்கு வருகிறோம். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒட்டடை அடித்து, வளவைக் கழுவிவிட்டு, மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரப்பி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், "காரைக்குடி போய்ச் சாமான் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று கார் சாவியை எடுப்பார். பின்தெருப் பக்கம் கொட்டகைக் கதவு திறக்கும். சாவியைத் திருகுவார். வண்டி கிளம்பாது. மறுபடி திருகுவார். மறுபடியும். பத்துத் தடவை ஆன பிறகுதான் எனக்குப் போன் வரும்.

காரைக்குடியில் வண்டி வேலை பார்க்கிறவன் நான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று இப்படிக் கூப்பிட்ட வீடுகளுக்குப் போய் வந்ததில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நின்றுபோன வண்டியில் முதலில் இருந்த கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். அந்தப் பத்துத் தடவை திருகியதுதான் அதைப் பெரிதாக்கியிருக்கும். கொஞ்சம் உயிர் இருந்த பேட்டரி முழுதாகச் செத்திருக்கும். அல்லது என்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகியிருக்கும். ஆகவே புதிதாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இரண்டு தடவை திருகிப் பார்த்துக் கிளம்பாவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு தடவையில் வண்டி என்ன சத்தம் போட்டது என்று நினைவில் வையுங்கள். கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடும்.

ஒரு மாசி மாதம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது."

"ஆச்சி, சாவியத் திருகினா என்ன சத்தம் வருது?"

"டிக்டிக்டிக்குன்னு பல்லி கத்துற மாதிரி கேக்குது."

"சரி ஆச்சி, இனிமே யாரும் சாவியத் தொட வேணாம்னு சொல்லிடுங்க. நான் வந்துடுறேன்."

என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஜம்பர் கேபிள், ஒரு மீட்டர், 10 நம்பர் ஸ்பானர், கொஞ்சம் ஆப்பசோடா. போய்ச் சேர்ந்த இருபது நிமிடத்தில் வண்டி ஓடியது.

சாவியைத் தொடும் முன்

கொட்டகைக் கதவை விரியத் திறந்து வையுங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கொட்டகைகள் பலவற்றில் மூன்று பக்கமும் கனத்த சுவர், காற்றுக்கு ஒரு சின்ன ஜன்னல்தான். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. அடைத்த இடத்தில் சில நிமிடங்களிலேயே ஆளை மயக்கிப் போடும், உயிரையும் எடுக்கும். வண்டி கிளம்பியதும், சார்ஜ் ஏறட்டும் என்று உள்ளேயே ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். கிளம்பினால் உடனே தெருவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அடுத்தது பானெட். தூக்கும் முன் கையால் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டிக்குள் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கையை விடுங்கள். தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் குவிந்து கிடந்தால் எலி கூடு கட்டியிருக்கிறது என்று பொருள். அங்கே ஒயர்களின் மேல்தோல் கடிபட்டுச் செம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சாவியைத் திருகவே வேண்டாம். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். அது எலிக்கு மிகப் பிடித்த இடம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஈரம் இருக்கிறதா? பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

பிறகு உள்ளே உட்கார்ந்து, கோளாறே இல்லாமல் வண்டி கிளம்ப மறுக்கும் காரணங்களைத் தள்ளிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்க வேண்டும், பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும். கியர் வண்டிகளிலும் இப்போது பலவற்றில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். தரையில் மிதியடி மடிந்து கிடந்து கிளட்சை முழுதாகப் போகவிடாமல் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்திருந்தால் வண்டி சாவியை அடையாளம் காணாது. சாவியை அந்த ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள், பல வண்டிகளில் கிளம்பிவிடும். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர்2032 வகை. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

என்ன சத்தம் வருகிறது?

இப்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை சாவியைத் திருகுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஒருவர் திருக, ஒருவர் முன்னால் நின்று லைட்டைப் பார்த்தால் நல்லது.

சத்தமே இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது, அல்லது பேட்டரி முனையில் மாட்டும் டெர்மினல் கழன்று கிடக்கிறது. போன தடவை ஊருக்குப் போகும்போது யாரோ நல்ல எண்ணத்தில் கழற்றி வைத்துவிட்டு, வந்தவர்களிடம் சொல்ல மறந்திருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

டிக்டிக்டிக் என்று வேகமாகக் கேட்டால், லைட்டும் மங்கினால், பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் இருக்கிறது, செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. "ழ்ர்ர்... ழ்ர்ர்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் இதே கதைதான்.

"டக்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு, லைட் மங்காமல் பளிச்சென்று நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. செல்ஃப் மோட்டாரிலோ அதற்குப் போகும் இணைப்பிலோதான் கோளாறு. உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோன செல்ஃப் இப்படித்தான் செய்யும். கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டிருக்க, ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்கும்போது இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சில சமயம் பிடித்துக்கொள்ளும். வண்டி கிளம்பினாலும் அது ஒரு பயணத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு விடுங்கள்.

செல்ஃப் கலகலவென்று நல்ல வேகத்தில் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். எரிபொருள், காற்று, தீப்பொறி மூன்றில் ஒன்று உள்ளே போய்ச் சேரவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிடித்து, ஓரிரு விநாடி ஓடி, உடனே அணைந்தால் டேஷ்போர்டைப் பாருங்கள். சாவி அல்லது பூட்டுப் படம் மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை நம்பவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அந்தப் படம் மினுக்கவில்லை என்றால் இதுவும் எரிபொருள், காற்றுப் பக்கத்துக் கோளாறுதான்.

பேட்டரி ஏன் இறங்குகிறது

செட்டிநாட்டில் கிளம்பாமல் நிற்கும் வண்டிகளில் இதுதான் பெரிய பங்கு. அதனால் இதை விரித்துச் சொல்கிறேன்.

சாவியை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் வண்டி முழுதாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் பூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு சின்னக் காரில் இது 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் மணி போகிறது. அந்தக் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. பாதி இறங்கினாலே செல்ஃப் சுற்றத் திணறும். கணக்குப் போட்டால் மூன்றரை வாரம்தான். இதோடு நம் ஊர் வெயில் சேர்கிறது. சூட்டில் ஈய அமில பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும், உள்ளே இருக்கும் தகடுகளும் சீக்கிரம் அரிக்கும். சென்னையில் தினமும் ஓடும் காரில் நான்கு ஐந்து வருடம் உழைக்கும் பேட்டரி, இங்கே கொட்டகையில் நின்றே இரண்டரை மூன்று வருடத்தில் போய்விடுவதை நான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஆகவே நாள்பட நின்ற பேட்டரியை மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைத்துவிட வேண்டாம். சார்ஜ் போட்டு, ஓர் இரவு விட்டு, லோடு போட்டுச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

பேட்டரி பற்றி நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நாம் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பேட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிற இடம் அது. அதன் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இந்த ஊரில் ஒருவர் கூட டெர்மினலில் பூத்த பூஞ்சையைப் பார்த்துவிட்டுப் புது பேட்டரி வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பூஞ்சைதான் அடுத்தது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அது மின்சாரத்தை மறிக்கும். சாவியை எடுத்துவிட்டு, 10 நம்பர் ஸ்பானரால் முதலில் கறுப்பு மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பு பிளஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால் ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டுப் பெரும் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்; நுரைத்து அடங்கும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகள் வழியே உள்ளே போய்விடக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, பிளஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். கையால் திருகினால் அசையக் கூடாது, அவ்வளவு இறுக்கம் வேண்டும். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள். இதைச் செய்யும்போது மோதிரம், வளையல், காப்பு எதுவும் கையில் வேண்டாம். அமிலம் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வீட்டு ஆர்ஓ தண்ணீர் எதுவும் ஆகாது. அவற்றில் இருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும்.

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி வையுங்கள். 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி முனைகளில் தொட்டால் எண் வரும். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் வண்டியை எடுக்க அதனால் ஆகாது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 12-இலேயே நின்றால், ஓடும்போது மின்சாரம் தர வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை, புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கும்.

இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுப்பது

கேபிள் கனமானதாக இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரை முறுக்கி மாட்டினால் கையிலேயே உருகும். உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட் ஆக இருக்க வேண்டும். லாரி, பஸ்ஸில் 24 வோல்ட் இருக்கும், அவற்றிலிருந்து எடுக்கவே கூடாது. பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

1. இரண்டு வண்டிகளையும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிறுத்தி, அணைத்து, லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

2. சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள்.

3. அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள்.

4. கறுப்புக் கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள்.

5. கறுப்பின் மறுமுனையை, கிளம்பாத வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், அது தீப்பிடிக்கும். தள்ளி மாட்டச் சொல்வது அதனால்தான்.

6. நல்ல வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நின்ற வண்டியைக் கிளப்புங்கள். கிளம்பியதும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராக, கடைசியில் மாட்டியதை முதலில் கழற்றுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். அதுவும் 12 வோல்ட்தான், வேலையும் செய்யும். ஆனால் அது ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும், மேலே மூடிகளில் அமிலம் நிற்கும். தூக்கும்போது சாய்ந்து ஒருவருக்குக் கால் வெந்ததைப் பார்த்த பிறகு நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

கிளம்பிய வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டால் பேட்டரியில் பெரிதாக எதுவும் ஏறியிருக்காது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்புகிற அளவுக்காவது ஓட்ட வேண்டும். கோயில் வாசலில் அணைக்கும்போது சரிவிலோ, தள்ள ஆள் கிடைக்கும் இடத்திலோ நிறுத்துங்கள். அடியோடு இறங்கிய பேட்டரி ஓட்டினால் நிறையாது. பேட்டரிக் கடையில் கொடுத்து ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்கு மட்டும்தான். சாவி ஆனில், கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் வைத்து, ஓடும் அளவு வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி மிதியுங்கள். என்ஜின் பிடிக்கும் வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி கனக்கும் என்பதை மறக்க வேண்டாம். டேஷ்போர்டில் ஒரு விளக்குக் கூட எரியாத அளவுக்கு பேட்டரி செத்திருந்தால், இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யாது; தெருமுனை வரை தள்ளினாலும் பயன் இல்லை.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பெட்ரோல் வண்டி என்றால் சாவியை ஆன் வரை மட்டும் திருகி, பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்பு முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பம்புக்கு மின்சாரம் போகிறது. கேட்காவிட்டால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து, பம்பின் ஃபியூஸை உருவிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் வேறு போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுவது, கனமான ஃபியூஸ் போடுவது இரண்டும் வண்டியை எரித்துவிடும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே, அதாவது பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச். பெட்டிக்குள் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் அச்சிட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

பம்பு சத்தம் கேட்டும் பிடிக்காவிட்டால், உள்ளே இருக்கும் பெட்ரோல் எத்தனை மாதப் பழையது? இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் கொஞ்சமாகக் கிடந்தால் மேலே காலியாக இருக்கும் இடத்தில் ஈரக்காற்று நிறைந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் தாண்டி நின்ற வண்டிகளில் இந்தத் தொல்லையை அதிகம் பார்க்கிறேன். மூடியைத் திறந்தால் பெட்ரோல் நெடிக்குப் பதில் வார்னிஷ் மாதிரி வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. ஐந்தாறு மாதப் பழசு என்றால் ஐந்து பத்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றினாலே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் பழசு என்றால் பட்டறையில் கொடுத்து இறக்கிவிடுவது நல்லது. குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுக்கவே எடுக்காதீர்கள்; நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பல தடவை திருகி என்ஜினுக்குள் பெட்ரோல் நிறைந்துவிட்டால் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஐந்து விநாடி சுற்றுங்கள். பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் வருவது நின்று, உள்ளே இருப்பது வெளியேறும்.

டீசல் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் சுருள் படம் எரியும். அது அணையும் வரை பொறுத்துத் திருகுங்கள். டீசல் அடியோடு தீர்ந்து நின்ற வண்டி, டீசல் ஊற்றியவுடன் கிளம்பாது; குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் மேல் கைப்பம்பு இருந்தால் அது இறுகும் வரை அழுத்துங்கள். இப்போதைய டீசல் வண்டிகளில் இருக்கும் காமன் ரெயில் என்ஜினில் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வழக்கத்தைக் கையாளக் கூடாது. அந்தக் குழாயில் வரும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வெள்ளத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஊருணி நிரம்பித் தெருவில் வந்த தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால், காய்ந்துவிட்டதே என்று சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மைனஸைக் கழற்றிவிட்டு, வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் ரிகவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியையும் கயிறு கட்டி இழுக்காமல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸ் பத்திரத்தில் சாலை உதவி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் பலருக்கு அந்தச் செலவே வராது.

டூவீலர்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் கைப்பிடியில் இருக்கும், என்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்ச். கண்டனூரிலிருந்து புதுவயலுக்கு வெயிலில் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்த ஒரு தம்பிக்கு அந்தச் சுவிட்சை மட்டும் தட்டி ஆனில் போட்டுவிட்டேன். யாரோ விளையாட்டுப் பிள்ளை தட்டிவிட்டிருக்கிறது. அடுத்தது சைடு ஸ்டாண்டு: இப்போதைய பல வண்டிகளில் அது கீழே இருந்தால் என்ஜின் கிளம்பாது, அந்த இடத்தில் சேறு அடைத்து மேலே ஏறாதது போல் காட்டினாலும் கிளம்பாது. ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

டூவீலர் பேட்டரி சின்னது, ஒரு மாதத்திலேயே இறங்கிவிடும். கிக்கர் இருந்தால் உதையுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான், சோக் கிடையாது. சாவியை ஆன் செய்து பம்பு சத்தம் அடங்கிய பிறகு கிளப்புங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரைத் திருகாமல் உதையுங்கள். பத்து உதையில் பிடிக்காவிட்டால் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் நிறைந்திருக்கிறது, துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்திருக்கும். அதைக் கழுவ மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்கிற பழக்கம் பெட்ரோல் சிந்திய இடத்தில் வேண்டாம்.

மறுபடி வீட்டைப் பூட்டும் முன்

வண்டியை நீளமாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். டேங்கை நிரப்பிவிடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால் மாதங்கள் கழித்துப் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் முதல் கியரில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். பானெட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம். மறைவில்லாத இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

வீட்டுக் காவலுக்கு ஆள் இருந்தால், வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்வதை விட, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டத் தெரியாதவர் என்றால் ஓர் ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்கும் கூலி புது பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆளே இல்லை என்றால் மைனஸைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வையுங்கள். கழற்றும் முன் கார் சாவி கையில் இருக்கட்டும், சாவி உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொள்ளும்படி விட வேண்டாம். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் அட்டையில் நான்கு வரி எழுதுங்கள்: பேட்டரி வாங்கிய மாதம், கடைசியாகப் பெட்ரோல் போட்ட தேதி, மைனஸ் கழற்றியிருக்கிறது, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறது. அதை வீட்டுச் சாவிக் கொத்திலேயே கட்டிவிடுங்கள். அடுத்த தடவை வீட்டைத் திறக்க வருவது உங்கள் தம்பியாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம். கொட்டகைக்குப் போவதற்கு முன்பே அது அவர் கையில் இருக்கும்.